டாக்டர் சுப்பராவின் வாழ்வும் நமது கடமையும்

பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலையில் திரளும் ஜனக்கூட்டத்தைக் கண்ட எவரும், தமிழ்நாட்டில் தருமசிந்தை குன்றிவிட்டது என்று சொல்லத் துணியமாட்டார்கள். மலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் பாதை நெடுகிலும், அஷ்டலிங்க சந்நிதிகளுக்கு இடையே, தம் பெயரைக்கூட வெளியிட விரும்பாத அன்பர்கள் அண்டா அண்டாவாகச் சோறும் நீர்மோரும் வைத்துக்கொண்டு வழிநடப்போரை அழைத்து உபசரிக்கிறார்கள். யாத்ரிகர்களுக்குச் சத்திரம் கட்டியவர்களும், சாதுக்களுக்கு அன்னமிட மானியம் எழுதிவைத்தவர்களும் இவ்வூரில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறார்கள். பசித்தவனுக்குச் சோறிடுவது உயிரையே அளிப்பதற்கு ஒப்பாகும் என்பது நம் முன்னோர் கொண்ட முடிவு. அந்த முடிவில் நமக்கு எள்ளளவும் மாறுபாடு இல்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் நடப்பவர்களுள்ளேயே, கொடுக்கும் சோற்றைக் கை நீட்டி வாங்க அஞ்சுபவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். சர்க்கரைப் பொங்கல் பிரசாதத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நகர்கிறார்கள். நீரிழிவு என்றும் மதுமேகம் என்றும் பழைய வைத்திய நூல்கள் பெயரிட்ட வியாதி அவர்களைப் பிடித்திருக்கிறது. வெறுங்காலுடன் மலையை வலம்வருவது பக்தியின் அடையாளம். நீரிழிவு முற்றிப் பாதத்தின் உணர்ச்சி மங்கியவருக்கோ அதுவே ஆபத்து. பகலில் காய்ந்த தார்ச்சாலையில் கொப்புளம் எழுந்தாலும், கல்லோ முள்ளோ கிழித்தாலும் அவருக்குத் தெரிவதில்லை. வீடு சேர்ந்து இரண்டு நாள் கழித்துப் புண்ணைப் பார்க்கிறார். அது ஆறாமல் விரலையும் சில சமயம் காலையுமே கொண்டுபோய்விடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடந்து 2023-ம் வருஷத்தில் வெளியான தேசிய ஆய்வின்படி, நமது தேசத்தில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு. அதன் வாயிலில் நிற்பவர்கள் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர். இவ்வியாதியை அடக்கி வைக்க வழிகள் இருக்கின்றன. வேரோடு களையும் சிகிச்சை இன்னும் கைகூடவில்லை. ஆராய்ச்சி ஒன்றினாலேயே அது கைகூடும். அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுக்கும் நமது ஜனங்கள் ஆராய்ச்சிக்கும் அவ்வாறே கொடுக்கவேண்டும் என்பதே நாம் இங்கே சொல்ல வந்த விஷயம். வெறும் உபதேசமாக அதைச் சொல்லுவதைக் காட்டிலும், ஒரு மகானுடைய சரித்திரத்தின் மூலம் சொல்லுவதே சிலாக்கியம் என்று கருதுகிறோம். அவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பராவ். 1948-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவில் காலமான அவர் நீரிழிவு நிபுணர் அல்லர். அப்படியிருந்தும் அவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பது போகப் போக விளங்கும்.

சுப்பராவ் 1895-ம் வருஷம் ஜனவரி மாதம் 12-ந் தேதி, அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தகப்பனார் ரெவினியூ இலாகாவில் சொற்பச் சம்பளம் பெற்றவர். குடும்பம் பெரிது, வறுமையும் பெரிது. படிப்பில் பையனுக்கு நாட்டம் செல்லவில்லை. பதின்மூன்று வயதளவில் அவர் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். காசிக்குச் சென்று, அங்கே வரும் யாத்ரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும் பொருள் திரட்டலாம் என்பது அவர் போட்ட கணக்கு! தாயார் வழியிலேயே மறித்துத் திருப்பி அழைத்து வந்தார். க்ஷேத்திரத்தில் வியாபாரம் செய்யப் புறப்பட்ட சிறுவனை மீண்டும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தவர் அந்த அம்மையார்தான். தகப்பனார் காலமான பின் நகைகளை விற்றுப் படிக்க வைத்தவரும் அவரே. மெட்ரிகுலேஷன் பரீக்ஷையில் சுப்பராவ் இரண்டு தடவை தோற்றார். மூன்றாவது தடவை, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூலிலிருந்து எழுதித் தேறினார். இரு முறை தோற்றவனைப் பிரயோஜனமற்றவன் என்று தள்ளிவிடும் பெற்றோர், இந்த ஒரு தாயை நினைத்துப் பார்க்கவேண்டும்.

பிரஸிடென்ஸி கல்லூரியில் இண்டர்மீடியட் படிக்கும்பொழுது அவர் உள்ளம் துறவில் திரும்பியது. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசியாக வேண்டும் என்று விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. மடத்துப் பெரியோர்களும், முதலில் வைத்தியம் கற்றுக்கொண்டு அதன் மூலம் ஜனங்களுக்குச் சேவை செய்யலாம் என்று வழி காட்டினார்கள். அவ்விதமே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்களும் மாமனாரும் உதவினார்கள்.

அது காந்தியடிகளின் குரல் தேசமெங்கும் எழுந்த காலம். அந்நியத் துணியைத் துறந்து கதர் உடுத்தும்படி எழுந்த அழைப்பு மருத்துவக் கல்லூரி மாணவரின் காதிலும் விழுந்தது. சுப்பராவ் ரண சிகிச்சைக் கூடத்தில் அணியும் அங்கியையும் கதரிலேயே தைத்துக்கொண்டார். ரண சிகிச்சைப் பேராசிரியரான பிராட்பீல்டு துரைக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீக்ஷைகளில் சுப்பராவ் நன்றாகத் தேறியிருந்தபோதிலும், எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குத் தாழ்ந்ததான எல்.எம்.எஸ். பட்டமே வழங்கப்பட்டது. ஒரு முழம் கதருக்கு அவர் கொடுத்த விலை இது. அந்த விலையை அவர் கடல் கடந்த பின்னும் கொடுக்க நேர்ந்ததைப் பின்னால் காண்போம்.

சர்க்கார் மருத்துவ இலாகாவில் உத்தியோகம் கேட்டார், கிடைக்கவில்லை. அப்பொழுது அவருக்கு இடமளித்தவர் சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி நடத்திவந்த டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதி. வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்து சிறை புகுந்த ருக்மிணி லக்ஷ்மீபதியின் கணவரே இவர் என்றால் வாசகர்களுக்கு எளிதில் நினைவுக்கு வரும். அவருடைய கல்லூரியில் சுப்பராவ் உடற்கூற்று சாஸ்திரம் போதித்தார். இதற்கு முன்பே அவர் குடும்பத்தில் பெருந்துயரம் ஒன்று நிகழ்ந்திருந்தது. ஸ்ப்ரூ என்னும் உஷ்ணதேசத்துக் கிராணி வியாதி அவருடைய சகோதரர் இருவரை அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. உண்ட உணவு உடம்பில் ஒட்டாமல், இரத்தம் வற்றி, ஆள் கரைந்துபோகும் வியாதி அது. அதே வியாதி சுப்பராவையும் பற்றியது. லக்ஷ்மீபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் அவர் பிழைத்தார். பிழைத்தாரேயன்றி, சகோதரர்கள் ஏன் இறந்தார்கள், தாம் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வி அவரை விட்டு அகலவில்லை. வியாதியின் காரணத்தை அறியாமல் செய்யும் வைத்தியம் இருட்டில் கல் எறிவது போன்றது என்று அவர் கண்டார். காரணத்தை அறியவேண்டுமானால் ஆராய்ச்சிசாலை வேண்டும். அன்றைய சென்னையில் அவருக்கென ஓர் ஆராய்ச்சிசாலை திறந்திருக்கவில்லை. அமெரிக்காவுக்குச் செல்வது என்று தீர்மானித்தார்.

இங்கேதான் நமது கருத்துக்கு முக்கியமான கட்டம் வருகிறது. கப்பலேறப் பணம் ஏது? மாமனார் ஒரு பகுதி கொடுத்தார். மற்றொரு பகுதி காக்கிநாடாவில் இருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமத்திலிருந்து வந்தது. சத்தியலிங்க நாயக்கர் பர்மாவில் தொழில் செய்து பொருளீட்டித் தம் செல்வத்தைத் தருமத்துக்கு எழுதிவைத்தவர். சத்திரம், பாடசாலை, வேத பாராயணம் என்று நாம் அறிந்த வழிகளில் எத்தனையோ தருமங்கள் நம் தேசத்தில் நடைபெறுகின்றன. காக்கிநாடாத் தருமகர்த்தர்கள் அவற்றோடு நில்லாமல், எல்.எம்.எஸ். பட்டம் மாத்திரம் பெற்ற ஏழை வாலிபன் ஒருவனைக் கடல் கடந்து அனுப்பவும் இசைந்தார்கள். அவன் என்ன கண்டுபிடிப்பான் என்று அவர்களுக்குத் தெரியாது, அவனுக்கே தெரியாது. பயனை முன்கூட்டி அளந்து பார்த்துக் கொடுத்த பணம் அன்று அது. அதனாலேயே அதைத் தருமம் என்கிறோம்.

1922-ம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில் சுப்பராவ் போஸ்டன் நகரில் இறங்கினார். அந்த வருஷத்தை நீரிழிவுக்காரர்கள் மறக்கக்கூடாது. அந்த ஜனவரியில்தான் கானடாவின் டொராண்டோ நகரில், மரணத்தின் விளிம்பிலிருந்த லியோனார்டு தாம்ஸன் என்ற சிறுவனுக்கு முதன் முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. ஆகஸ்டில் அதே போஸ்டனில் டாக்டர் ஜோஸ்லின் தம் நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். அதற்கு முன்பு நீரிழிவு கண்ட குழந்தைகளுக்கு இருந்த சிகிச்சை பட்டினி ஒன்றே; வியாதியால் சாவதைப் பட்டினியால் சில மாதங்கள் தள்ளிப்போட்டார்கள். இன்சுலினைக் கண்டவர்கள் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொராண்டோ சர்வகலாசாலைக்கு விற்றுவிட்டார்கள். பெருஞ்செல்வம் தங்கள் கைக்கு எட்டிய வேளையில் அதைத் தீண்டாமல் விட்ட செயல் அது. மருத்துவ உலகம் இந்த அதிசயத்தில் திளைத்திருந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து சென்ற வாலிபர் அங்கே அடி வைத்தார்.

ஆனால் அவரை வரவேற்க யாரும் இல்லை. ஹார்வர்டு சர்வகலாசாலையின் உஷ்ணதேச வைத்தியப் பள்ளியில் இடம் கிடைத்தது. உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. வைத்தியசாலைகளில் டாக்டராகப் பயிற்சி பெறுவதற்கு எல்.எம்.எஸ். பட்டம் போதாது என்றார்கள். கதருக்குக் கொடுத்த விலை பதினாயிரம் மைலுக்கு அப்பாலும் அவரைத் தொடர்ந்தது. பீட்டர் பெண்ட் பிரிகாம் வைத்தியசாலையில் இரவு நேரத்து ஊழியராக வேலை ஏற்றார். நோயாளிகளின் மலமூத்திரப் பாத்திரங்களைக் கழுவி வைப்பது அவ்வேலையைச் சேர்ந்தது. இரவெல்லாம் அவ்வேலை, பகலெல்லாம் படிப்பு. சந்நியாசம் கொள்ள ஆசைப்பட்டவருக்கு அது வேறோர் உருவில் வந்து வாய்த்தது என்று சொல்லலாம். திருவண்ணாமலைக் குகைகளில் இருந்து தவம் புரிந்தோரை நாம் போற்றுகிறோம். ஆராய்ச்சிசாலைக்குள் இருந்து தவம் புரிந்தோரையும் அவ்வரிசைக்குச் சற்றுக் கீழே வைத்தேனும் வணங்குவது தகும்.

டிப்ளமா பெற்ற பின் அவர் ஸைரஸ் பிஸ்கே என்னும் பேராசிரியரின் கீழ் ஜீவ ரசாயனத்தில் புகுந்தார். 1925-ல், இரத்தத்திலும் மூத்திரத்திலும் உள்ள பாஸ்வரத்தை நிறம் கொண்டு அளக்கும் முறை ஒன்றை இருவரும் வெளியிட்டார்கள். பிஸ்கே, சுப்பராவ் இருவர் பெயராலும் வழங்கும் அம்முறையை உலகெங்கும் ஜீவ ரசாயன மாணவர்கள் கற்று வந்திருக்கிறார்கள். 1927-ல், தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் இருப்பதைக் கண்டார்கள். 1929-ல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே காலத்தில் தனியாக அதனைக் கண்டார். தசை சுருங்குவதும், இருதயம் துடிப்பதும், மூளை நினைப்பதும் இந்தப் பொருள் அளிக்கும் சக்தியினாலேயே. உண்ணும் சோறு முடிவில் இதனுருவாகி உடம்பில் செலவாகிறது. அண்டாவிலிருந்து இலைக்கு வரும் அன்னத்துக்கும், உயிருக்கும் நடுவே நிற்கும் நாணயம் இது என்று கூறினால் பிழையில்லை. ஆராய்ச்சியின்போது எந்த வியாதியையும் மனத்தில் வைத்து இதை அவர்கள் தேடவில்லை. தசை எப்படி வேலை செய்கிறது என்ற ஒரே கேள்வியின் விடையே இது.

ஹார்வர்டில் அவருக்கு நிலையான ஆசிரிய பதவி கொடுக்கப்படவில்லை. 1940-ல் அவர் நியூயார்க் மாகாணத்தில் பெர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்துச் சாலையில் சேர்ந்து, பின் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அடுத்த எட்டு வருஷங்களில் அவருடைய குழுவினரிடமிருந்து வெளிவந்தவை ஒரு மனிதனின் ஆயுளுக்கு மிகையானவை. 1945-ல் போலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. அவருடைய சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவில் காணும் சோகைக்கும், கர்ப்பிணிகளின் சோகைக்கும் அது மருந்தாயிற்று. கால் நூற்றாண்டுக்கு முன் அவர் மனத்தில் எழுந்த கேள்விக்கு இவ்வாறு விடை கிடைத்தது. இன்று நமது கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிப் பெண்ணின் கையில் இரும்புச்சத்துடன் சேர்த்துக் கொடுக்கப்படும் மாத்திரையில் அந்தப் போலிக் அமிலம் இருக்கிறது.

போலிக் அமிலத்தைத் தடுக்கும் பொருள்களையும் அவர் குழுவினர் ஆக்கினார்கள். அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைப் போஸ்டனில் டாக்டர் பார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளிடம் வியாதி சில காலத்துக்குப் பின்வாங்கியது. அதுவரை எந்த மருந்துக்கும் அது அசைந்ததில்லை. அதன் தம்பியான மெதோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாத வியாதிக்கும் வழங்குகிறது. அதே காலத்தில் திருவண்ணாமலையில் ரமண மஹரிஷிகளின் கையில் கட்டி எழுந்தது. நான்கு முறை அறுத்தும் அது மீண்டும் மீண்டும் வளர்ந்து, 1950-ம் வருஷம் ஏப்ரலில் அவர் மறைவில் முடிந்ததை இவ்வூரார் அறிவார்கள். அன்று கத்தியும் ரேடியமும் தவிர வேறு ஆயுதம் வைத்தியர்களிடம் இல்லை. மருந்தினால் புற்றுநோயை எதிர்க்கும் வழி அப்பொழுதுதான், நம்மவர் ஒருவரின் குழுவினரால், வேறொரு கண்டத்தில் திறந்துகொண்டிருந்தது.

யானைக்கால் வியாதிக்கு 1947-ல் அவர்கள் கண்ட ஹெட்ராஸன் என்ற மருந்து, பிற்காலத்தில் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் பலவற்றில் வீடு வீடாக வழங்கப்பட்டது. 1948-ல் வெளிவந்த ஆரியோமைஸின், அவர் தலைமையின்கீழ் டக்கர் என்ற முதிய விஞ்ஞானி கண்டது. டெட்ராஸைக்ளின் வகை மருந்துகளுக்கு அதுவே தாய். 1994-ல் சூரத் நகரில் பிளேக் பரவியபொழுது கைகொடுத்தவை அவ்வகை மருந்துகளே.

இத்தனையும் செய்தவர் பெயர் பத்திரிகைகளில் அதிகம் அடிபடவில்லை. கண்டுபிடிப்புகளை அறிவிக்கும் வேளையில் தம் சகாக்களை முன்னே நிறுத்திவிட்டுத் தாம் பின்னே நிற்பது அவர் வழக்கம். அமெரிக்கப் பிரஜையாக ஆகும் உரிமை இந்தியருக்குச் சட்டத்தால் கிடைத்த பின்னும் அதை அவர் கோரவில்லை. இந்தியராகவே இருந்து, 53-ம் வயதில் உறக்கத்திலேயே இருதய நோயால் காலமானார். சுதந்திர இந்தியாவின் முதல் வருஷம் அப்பொழுது நிறைவடையவில்லை. தாயகத்துக்குத் திரும்பாமலே போனார். இவ்வாழ்வின் மறுபுறத்தையும் மறைக்க நாம் விரும்பவில்லை. 1922-ல் அவர் விட்டுச் சென்ற இளம் மனைவி பின்னர் அவரைக் காணவேயில்லை. அவர் சென்ற பின் பிறந்த குழந்தையும் சிறு வயதிலேயே மாண்டது. தேசத்தில் ஓர் ஆராய்ச்சிசாலை அவருக்குக் கதவு திறந்திருந்தால் இந்தத் துயரத்துக்கு இடமிருந்திராது. தியாகத்தைப் புகழுமுன், அத்தியாகத்தை ஒருவர்மேல் சுமத்திய நம் வறுமையைப் பற்றி நாம் வெட்கப்படவேண்டும்.

இனி நீரிழிவுக்கு வருவோம். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் நுண்ணிய உயிரணுக்கள் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை ஏறியதை அவை எவ்வாறு அறிகின்றன? இன்சுலினைக் கண்டு அறுபது வருஷம் கழிந்தும் இக்கேள்விக்குத் தெளிவான விடை இல்லாதிருந்தது. 1984-ல் அது வெளிப்பட்டது. சர்க்கரை அவ்வணுவினுள் புகுந்து எரிந்து, அடினோசின் டிரைபாஸ்பேட்டாக மாறுகிறது. பிஸ்கேயும் சுப்பராவும் 1929-ல் பிரித்தெடுத்த அதே பொருள். அதன் அளவு ஏறியதும் அணுவின் சுவரிலுள்ள பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. அதனால் கால்சியம் உள்ளே பாய, இன்சுலின் வெளிப்படுகிறது. நீரிழிவுக்காரர் பலர் வெகுகாலமாக உட்கொண்டு வந்த சல்போனைல்யூரியா மாத்திரைகள் மூடுவதும் இதே வாயில்களையே என்பதும் அப்பொழுது விளங்கிற்று.

இதன் பயன் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பிறந்த சில மாதங்களுக்குள் நீரிழிவு காணும் அபூர்வமான குழந்தைகள் உண்டு. அவர்களில் பலருக்கு அந்த வாயில் மூடாமல் திறந்தே கிடக்கும் பிறவிக் குறைதான் காரணம் என்று 2004-ல் கண்டார்கள். ஆயுள் முழுதும் ஊசியோடு வாழ விதிக்கப்பட்டவர்களாக எண்ணப்பட்ட அக்குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கிளிபென்கிளமைட் போன்ற எளிய மாத்திரையே போதும் என்று 2006-ல் நிலைநாட்டப்பட்டது. சென்னையிலும் அத்தகைய குழந்தைகளைப் பரிசோதித்துக் கண்டறிந்து ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு நாள்தோறும் ஊசி குத்திய தாய் அதை நிறுத்திய அன்று பெற்ற ஆறுதலுக்கும், காக்கிநாடாத் தருமத்திலிருந்து 1922-ல் வெளியே போன பணத்துக்கும் இடையே ஒரு மெல்லிய நூல் ஓடுகிறது. அந்நூலில் வேறு பலருடைய உழைப்பும் முறுக்கேறியிருக்கிறது. ஆயினும் நூல் அறுபடவில்லை. நீரிழிவைப் பற்றி எண்ணாதவர் செய்த ஆராய்ச்சி முக்கால் நூற்றாண்டு கழித்து நீரிழிவுக் குழந்தைக்கு உதவியது. அவரை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுவே.

சோற்றுக்கில்லாதவர்கள் இருக்கையில் ஆராய்ச்சிசாலைக்குத் தருமம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அன்னதானத்தைக் குறைக்கும்படி நாம் சொல்லவில்லை. ஆனால் நீரிழிவு இன்று செல்வர் வீட்டு வியாதியாக இல்லை. கூலி வேலை செய்பவர் கால் இழந்தால் குடும்பமே சோற்றுக்கு அலைகிறது. அந்தக் கால் போகாமல் காப்பதும் அன்னதானத்தைச் சேர்ந்ததே. ஆராய்ச்சி சர்க்காரின் வேலை என்று வேறு சிலர் சொல்லுவார்கள். சர்க்காரின் கடமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் சர்க்கார் பணம் கணக்குக் கேட்கும் பணம். இத்தனை வருஷத்தில் இன்ன பயன் என்று எழுதிக் காட்டவேண்டும். தருமப் பணம் காத்திருக்கும் சக்தி வாய்ந்தது. இரு தடவை தோற்ற மாணவனுக்காகவும், தாழ்ந்த பட்டம் பெற்ற வாலிபனுக்காகவும் அது காத்திருந்ததை மேலே கண்டோம்.

நம் நாட்டில் இதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. சுப்பராவ் மறைந்த அதே 1948-ல் சென்னை ஸ்டான்லி வைத்தியசாலையில் டாக்டர் மு. விசுவநாதன் என்ற இளைஞர் நீரிழிவுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதல் என்பர். ராயபுரத்தில் 1954-ல் அவர் தொடங்கிய வைத்தியசாலை பின்னர் நீரிழிவுக்கே உரியதாயிற்று. இன்று சென்னையிலும் வேலூரிலும் இவ்வியாதியை ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மலையை வெறுங்காலுடன் சுற்றும் நீரிழிவுக்காரரின் பாதத்துக்கு என்ன நேருகிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்பதை ஆராய இவ்வூரைக் காட்டிலும் தகுந்த இடம் எது?

கொடுக்கக் கூடியது பணம் மாத்திரம் அன்று. முன்னே சொன்ன தேசிய ஆய்வு 1,13,043 பேர் தங்கள் இரத்தத்தையும் நேரத்தையும் கொடுக்க முன்வந்ததாலேயே நிறைவேறியது. அவர்களில் எழுபத்தொன்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கிராமவாசிகள். முறைப்படி அனுமதி பெற்று நடைபெறும் ஆய்வுக்கு ஒருவர் விவரம் கேட்டறிந்து, மனமொப்பி, தம் இரத்தத்தில் சில துளி அளிப்பதும் தானந்தான். அதற்கு மாறாக, ஏழு நாளில் நீரிழிவை வேரறுப்பதாகக் கூறும் சூரணங்களுக்கு ஜனங்கள் செலவிடும் பணத்தை நினைத்தால் வருத்தமாயிருக்கிறது. அச்சூரணத்தை நம்பி இன்சுலினை நிறுத்தியவர் உயிருக்கே மோசம் நேரும். உண்மையாகவே வேரறுக்கும் மருந்து வரவேண்டும் என்று விரும்புகிறவர் அந்தப் பணத்தை ஆராய்ச்சியின் பக்கம் திருப்புவாராக.

சத்திரங்களின் தருமகர்த்தர்களுக்கும், பௌர்ணமி தோறும் அண்டா இறக்கும் அன்பர்களுக்கும், வணிக சங்கங்களுக்கும் நமது வேண்டுகோள் ஒன்றே. பன்னிரண்டு பௌர்ணமிகளில் ஒரு பௌர்ணமியின் செலவை ஒதுக்கி, நீரிழிவு ஆராய்ச்சியில் ஈடுபட விரும்பும் ஓர் ஏழை மாணவருக்கு உபகாரச் சம்பளமாக அளியுங்கள். அவர் என்ன கண்டுபிடிப்பார் என்று கேட்காதீர்கள். அவருடைய பட்டம் பெரிதா சிறிதா என்றும் பார்க்காதீர்கள். கேள்வி ஒன்று அவரை உறங்கவிடாமல் செய்கிறதா என்று மாத்திரம் பாருங்கள். அத்தகைய மாணவரை இனி நாம் கடல் கடந்து போகவிட்டு, இறந்த பின் தபால் தலை வெளியிட்டுக் கொண்டாடும் நிலை வேண்டாம். சுப்பராவுக்கு அத்தபால் தலை 1995-ல், அவர் பிறந்து நூறு வருஷம் கழித்து வந்தது. அடுத்த சுப்பராவ் நம்மிடையே உயிரோடு இருக்கும்பொழுதே அவருக்கு வேண்டியதைக் கொடுப்போமாக.